உளுந்துக்குக் கோல், சீரகத்துக்கு மிலாறு

நான்கு வருஷத்துக்கு முந்தி, ஒரு மே மாதம். எங்கள் சபையில் விபிஎஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி) முடிகிற நாள். பெரியவனுக்கு அப்போது ஒன்பது வயது. 121-ஆம் சங்கீதத்தை அவன் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். வீட்டில் பத்து நாளும் தண்ணீர் பட்ட பாடாகச் சொன்ன பிள்ளை. மேடையேறி மைக் முன்னால் நின்று, "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக" என்று ஆரம்பித்தான். அதோடு வாய் கட்டிப்போனது. டீச்சர் கீழேயிருந்து அடுத்த சொல்லை எடுத்துக் கொடுத்தார்கள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. முன்வரிசையில் இருந்த அவன் தங்கை, ஏழு வயதுக்காரி, இருந்த இடத்திலிருந்தே மிச்சத்தையெல்லாம் உரக்கச் சொல்லி முடித்தாள். எல்லாரும் கை தட்டினார்கள்.

ஸ்கூட்டரில் வீடு திரும்பும்போது, பாளையங்கோட்டை மார்க்கெட்டைத் தாண்டுவதற்குள் நான் சொல்லிவிட்டேன்: "உன் தங்கச்சிக்கு இருக்கிற தைரியம் உனக்கு இல்லையேல." அவன் பதில் சொல்லவில்லை. என் இடுப்பைப் பிடித்திருந்த கையை மட்டும் எடுத்துக்கொண்டான்.

அடுத்த ஏழு ஞாயிற்றுக்கிழமையும் அவனுக்கு வயிற்றுவலி. டாக்டரிடம் காட்டினோம், ஒன்றுமில்லை என்றார். ஞாயிறு பள்ளி நேரம் கடந்ததும் வலி போய்விடும். ஏழாவது வாரம்தான் எனக்கு உறைத்தது, நோவு வயிற்றில் இல்லை என்று.

எனக்கு மூன்று பிள்ளைகள். பெரியவனுக்கு இப்போது பதின்மூன்று. புது இடம், புது முகம் என்றால் ஒரு மணி நேரமாவது சுவரோடு சுவராக நிற்பான். நடுவுள்ளவளுக்குப் பதினொன்று. சந்தோஷமானாலும் கோபமானாலும் தெரு முழுக்கக் கேட்கும். சின்னவனுக்கு எட்டு. சொன்ன சொல் தட்டாதவன், யாரைக் கேட்டாலும் "தங்கமான பிள்ளை" என்பார்கள். மூன்று பேருக்கும் ஒரே சோறு, ஒரே ஜெபம், ஒரே அம்மா. பெரியவன் பிறந்தபோது நான் கற்றுக்கொண்டதை வைத்தே மற்ற இருவரையும் வளர்த்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். முதல் பிள்ளையோடு என் படிப்பு முடிந்துவிட்டது என்ற நினைப்பு.

அந்த வயிற்றுவலி நாட்களில் காலை வாசிப்பில் ஏசாயா போய்க்கொண்டிருந்தது. 28-ஆம் அதிகாரத்தின் கடைசியில் ஒரு விவசாயி வருகிறான். இத்தனை வருஷம் வாசித்தும் என் கண்ணில் படாதவன். "உளுந்து கோலினாலும், சீரகம் மிலாற்றினாலும் அடிக்கப்படும்" என்று 27-ஆம் வசனம். மிலாறு என்றால் மெல்லிய வளார். சீரகத்தின்மேல் வண்டிச் சக்கரத்தை ஓட்டமாட்டான் என்றும் அதே வசனத்தில் இருக்கிறது. வேதாகமத்தை மூடாமலே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு எங்கள் ஆச்சியின் களம் ஞாபகம் வந்தது.

ஆச்சிக்கு விளாத்திகுளம் பக்கம் கரிசல் காடு. ஐப்பசி மழையை நம்பி உளுந்தும் கொத்துமல்லியும் போடுவார்கள். கிறிஸ்துமஸ் லீவுக்குப் போனால் பிடுங்கிய உளுந்துச் செடி களத்தில் காய்ந்துகொண்டிருக்கும். நல்ல வெயில் ஏறி நெற்று மொறுமொறு என்று ஆனபிறகு ஆச்சி கம்பை எடுத்து அடிப்பார்கள். நெற்று வெடித்து உளுந்து சிதறும். மல்லி பக்கம் வந்தால் அந்தக் கம்பைத் தொடமாட்டார்கள். மெல்லிசான வளாரால் தட்டுவார்கள், சில நேரம் கையாலேயே உதிர்ப்பார்கள். நான் ஒருமுறை பெரிய கம்போடு மல்லியை நோக்கி ஓடினேன். "ஏட்டி, அது ரெண்டா பொளந்து போவும்" என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். பிளந்த மல்லி நல்ல விலைக்குப் போகாது.

(நம் வேதாகமத்தில் உளுந்து என்று இருப்பது மூலமொழியில் கருஞ்சீரகத்தைக் குறிக்கும் சொல் என்று எங்கள் ஆயர் பின்னால் விளக்கினார். அப்படியே இருக்கட்டும். எனக்கு அந்த வசனம் புரிந்தது உளுந்து வழியாகத்தான்.)

அதற்கு முந்தின வசனத்தில் இருப்பது எனக்கு இன்னும் பெரிய ஆறுதல்: "அவனுடைய தேவன் அவனை நன்றாய்ப் போதித்து, அவனை உணர்த்துகிறார்." எந்தத் தானியத்துக்கு எந்தக் கம்பு என்பதை அந்த விவசாயி தாய் வயிற்றிலேயே கற்றுக்கொண்டு வரவில்லை. அவனுக்குச் சொல்லிக்கொடுக்க ஒருவர் இருக்கிறார். ஸ்கூட்டரில் நான் சொன்னதற்காகப் பல நாள் என்னையே நொந்துகொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் அதை விட்டு, எனக்குக் கற்றுக்கொடும் என்று கேட்க ஆரம்பித்தேன்.

முதல் வேலை, பெரியவனிடம் மன்னிப்புக் கேட்டது. அதற்கே எனக்கு இரண்டு நாள் ஆனது. எங்கள் மொட்டை மாடியில் நின்றால் தூரத்தில் ஆலயத்தின் ஊசிக் கோபுரம் தெரியும். அங்கே துணி எடுக்கும்போது, அவன் முகத்தைப் பார்க்காமல், "அன்னைக்கு ஸ்கூட்டர்ல அம்மா பேசுனது தப்பு. உன்னையும் தங்கச்சியையும் அப்படி வச்சுப் பாத்திருக்கக் கூடாது" என்றேன். அவன் கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கூடையில் போட்டுக்கொண்டே இருந்தான். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு வசனம் தெரியும்மா. எல்லாரும் பாக்காங்கல்லா, அதான்" என்றான்.

அவனிடம் நேருக்கு நேர் உட்கார்ந்து "என்ன ஆச்சு, சொல்லு" என்று கேட்டால் ஒன்றும் வராது. பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரு வேலை செய்யும்போது வரும். முருங்கைக் கீரை உருவும்போது, பூண்டு உரிக்கும்போது, விளக்கை அணைத்துப் படுத்தபிறகு. மௌனமான பிள்ளை உள்ளவர்கள் இதைச் செய்து பாருங்கள். கேள்வியைக் குறைத்து, கைக்கு ஒரு வேலை கொடுங்கள்.

ஞாயிறு பள்ளி டீச்சரிடமும் பேசினேன். இவனை இப்போதைக்கு மேடையேற்ற வேண்டாம், வேறு பொறுப்பு கொடுங்கள் என்றேன். வருகைப் பதிவேடு எழுதுவதும் சின்னப் பிள்ளைகளுக்குப் படத்தாள் கொடுப்பதும் அவன் வேலையானது. ஆலயத்துக்கு நாங்கள் இருபது நிமிஷம் முன்னதாகவே கிளம்ப ஆரம்பித்தோம். கூட்டம் நிறைந்தபிறகு நுழைவது அவனுக்கு ஆற்றில் குதிப்பதுபோல. ஆளில்லாத ஆலயத்தில் முதலில் போய் உட்கார்ந்துவிட்டால், ஒவ்வொருவராக வருகிறவர்களை அவனால் தாங்கிக்கொள்ள முடிகிறது. வயிற்றுவலி எப்போது நின்றது என்றே தெரியவில்லை.

எல்லாவற்றிலிருந்தும் அவனை விலக்கிவிடவில்லை. பெரியவர்களைப் பார்த்தால் கை கூப்பி "ஸ்தோத்திரம்" சொல்லியே ஆக வேண்டும் என்று பேசிக்கொண்டோம். அந்த ஒரு வார்த்தை போதும், அதற்குமேல் பேசச் சொல்லி நான் முதுகில் இடிக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவனும் சொன்ன சொல் மாறவில்லை, நானும் மாறவில்லை.

என் சித்தி மகள் ஆலோசனைப் பணியில் இருக்கிறாள். இதைக் கேட்டுவிட்டு அவள் ஒரு ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னாள். அமெரிக்காவில் அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற மனநல மருத்துவத் தம்பதி 1956-இல் தொடங்கி, கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே பல பிள்ளைகளைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்தார்களாம். சுமார் 40 சதவீதம் பிள்ளைகள் எதற்கும் எளிதாக இணங்கினார்கள். 10 சதவீதம் எதற்கும் சீறினார்கள். 15 சதவீதம் புதியதற்குப் பழகவே நேரம் எடுத்துக்கொண்டார்கள். மீதிப் பேர் இந்தக் கூண்டு எதிலும் அடங்கவில்லை. பிள்ளையின் சுபாவம் மட்டுமே பிரச்சனையாவதில்லை, அந்தச் சுபாவத்துக்கும் வீட்டின் எதிர்பார்ப்புக்கும் பொருத்தம் இருக்கிறதா என்பதே முக்கியம் என்பது அவர்கள் கண்டது. பொருத்தம் என்றால் நாம் கல்யாணத்துக்கு மட்டும்தான் பார்க்கிறோம். எனக்கும் என் மகனுக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

யோவான் 11-ஐ அதன்பிறகு வேறு கண்ணோடு வாசித்தேன். லாசரு இறந்து, இயேசு பெத்தானியாவுக்கு வருகிறார். மார்த்தாள் எதிர்கொண்டு போய், "ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்" என்கிறாள். பின்னால் மரியாள் வந்து பாதத்தில் விழுந்து அதே வாக்கியத்தைச் சொல்கிறாள். ஒரே வீடு, ஒரே துக்கம், ஒரே வார்த்தை. மார்த்தாளிடம் அவர் பேசுகிறார். "நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்" என்று பதில் கொடுக்கிறார், அவளும் நின்று பதிலுக்குப் பதில் பேசுகிறாள். மரியாளிடம் அவர் எதையும் விளக்கவில்லை. அவள் அழுவதைப் பார்த்துக் கலங்கி, கண்ணீர் விடுகிறார். அழுகிற பிள்ளைக்கு விளக்கம் கொடுத்து, விளக்கம் கேட்கிற பிள்ளையை "பேசாம இரு" என்று அதட்டி எத்தனை நாளைக் கழித்திருக்கிறேன்!

விளக்கம் கேட்கிறவள் நடுவுள்ளவள். குடும்ப ஜெபத்தில் யோனாவை வாசித்தால், "மூணு நாளும் மீன் வயித்துல என்ன சாப்ட்டான்? மூச்சு எப்படி விட்டான்?" என்று முழங்காலில் நிற்கும்போதே கேட்பாள். நான் அதை அவபக்தி என்று நினைத்தேன். இப்போது ஜெபத்துக்கு முந்தி ஐந்து நிமிஷம் அவள் கேள்விகளுக்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்கிறோம். மொத்த ஜெபத்தையும் பதினைந்து நிமிஷத்தில் முடிக்கிறோம். வாசிப்பது அவள் பொறுப்பு. வாய்க்கு வேலை இருந்தால் கால் ஆடாது.

அவள் கோபம்தான் என்னை முழங்காலில் நிறுத்தியது. பள்ளிவிட்டு நாலரைக்கு வருவாள். பை ஒரு மூலை, ஷூ ஒரு மூலை. நான் ஏதாவது கேட்டால் கதவு அறையப்படும். பதிலுக்கு நான் கத்துவேன். ஒருநாள் ஜெபக்கூட்டத்தில் இதைச் சொல்லி அழுதேன். ஒருவர், "அது பிடிவாத ஆவி, கட்டி ஜெபிக்கணும்" என்றார். அறைக்கு வெளியே அவள் நின்றது எனக்குத் தெரியாது. ராத்திரி படுக்கையில் மெதுவாகக் கேட்டாள்: "அம்மா, எனக்குள்ள பிசாசு இருக்கா?"

அந்தக் கேள்வியைக் கேட்ட தாய்க்குத்தான் தெரியும் அந்த வலி. விளக்கைப் போட்டு 139-ஆம் சங்கீதத்தை எடுத்து, பதினாலாம் வசனத்தில் அவள் பேரைச் சேர்த்து வாசித்தேன்: பிரமிக்கத்தக்க அதிசயமாய் உண்டாக்கப்பட்டவள். "கோவம் வருது, அத எப்படிப் பிடிக்கிறதுன்னு நாம ரெண்டு பேரும் படிக்கணும். எனக்கும் தெரியல பாத்தியா, நானும் கத்துறேன்லா" என்றேன். எங்கள் வீட்டில் உரத்த குரல் என் பக்கத்துச் சொத்து. அவளுக்கு நான் கொடுத்ததுதான்.

அதற்கு எனக்கு உதவியது 1 இராஜாக்கள் 19. எலியா தீர்க்கதரிசி ஒரு சூரைச்செடியின் கீழே படுத்து, சாக வேண்டும் என்று கேட்கிறார். தேவதூதன் வந்து ஒரு போதனையும் செய்யவில்லை. "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர். சாப்பிட்டுத் தூங்குகிறார். மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். நாற்பது நாள் நடந்து ஓரேபுக்குப் போன பிறகுதான் "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வியே வருகிறது. நான் கேள்வியை முதலில் வைத்து, அடையைக் கடைசியில் வைத்திருந்தேன்.

இப்போது நாலரைக்கு அவள் வரும்போது தட்டில் ஏதாவது இருக்கும். இரண்டு தோசை, இல்லாவிட்டால் கடலை மிட்டாயும் ஒரு தம்ளர் பாலும். இருபது நிமிஷம் நான் ஒன்றும் கேட்கமாட்டேன். ஹோம்வொர்க், மார்க், மழைக்கோட்டை எங்கே வைத்தாய், எதுவும் கிடையாது. பாதிக் கதவுச் சத்தம் இதிலேயே அடங்கிவிட்டது. பசியும் பஸ்ஸின் நெரிசலும்தான் அவ்வளவு நாளும் கத்தியிருக்கின்றன. திடீரென்று "கிளம்பு" என்றால் வெடிப்பாள் என்பதால், பத்து நிமிஷம் முந்தியே சொல்லிவைக்கிறேன். கோபம் கொதிக்கும்போது நியாயம் பேசுவதில்லை. பொருளை எறிந்தால், தம்பியை அடித்தால், அதற்குத் தண்டனை உண்டு, அதில் மாற்றமில்லை. அதை ஆறினபிறகு அமைதியாகச் சொல்கிறேன். "மன்னிச்சிரு" என்ற சொல் அவள் வாயில் லேசில் வராது. வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, சேலை முந்தானையைச் சுருட்டிச் சுருட்டி விரிப்பாள். அதை நான் மன்னிப்பாகவே எடுத்துக்கொள்கிறேன்.

போன வருஷம் அவள் வகுப்பில் திக்கிப் பேசுகிற ஒரு பிள்ளையைச் சிலர் கேலி செய்தார்களாம். எழுந்து நின்று நிறுத்தியவள் இவள்தான். அந்தக் குரலையா நான் அடக்கப் பார்த்தேன்!

சின்னவனைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமே இருக்காது என்று நினைத்திருந்தேன். அவனுக்காக நான் ஜெபித்ததும் குறைவு. மற்ற இருவருக்கும் சேர்த்தே மூச்சு முட்டிப்போகும். மூன்று மாதத்துக்கு முந்தி அரிசி டிரம்மை நகர்த்தினபோது அடியில் நாலாக மடித்த ஒரு கணக்குத் தாள் கிடந்தது. இருபத்தைந்துக்கு ஒன்பது. அம்மா ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்று மிஸ்ஸிடம் சொல்லி, கையெழுத்தைத் தள்ளிப்போட்டிருக்கிறான். கூப்பிட்டுக் கேட்டேன். வாய் கோணி அழுதுகொண்டே சொன்னான்: "எல்லாரும் நல்ல பிள்ளைன்னு சொல்லுதாங்க. மார்க் குறைஞ்சா சொல்லமாட்டாங்கல்லா?"

அவன் சொன்ன பொய்யைவிட அந்தப் பயம்தான் என்னை உலுக்கியது. லூக்கா 15-இல் வரும் கெட்ட குமாரன் உவமையில் நாம் எப்போதும் இளையவன் வீடு திரும்புவதைப் பேசுகிறோம். வீட்டிலேயே இருந்த மூத்தவனும் வெளியே நிற்கிறான். அவனையும் அழைக்கத் தகப்பன் வெளியே வருகிறார். "மகனே, நீ எப்போதும் என்னோடிருக்கிறாய்" என்கிறார். தொந்தரவு கொடுக்காத பிள்ளையிடமும் யாராவது எழுந்து போக வேண்டும்.

பொய் சொன்னதற்காக மிஸ்ஸிடம் அவனே போய் உண்மையைச் சொன்னான். நான் கூடப் போய் நின்றேன். "நல்ல பிள்ளை" என்று பட்டம் கொடுப்பதை வீட்டில் நிறுத்தினோம். "தண்ணி எடுத்து வச்சியே, ஆச்சிக்கு உதவியா இருந்துது" என்று செய்த காரியத்தைச் சொல்லிப் பாராட்டுகிறோம். வாரம் ஒருமுறை, இந்த வாரம் எது சரியாக வரவில்லை என்று இரண்டு பேரும் சொல்லிக்கொள்வோம். முதலில் என் தோல்வியை நான் சொல்வேன். போன வாரம் நான் சொன்னது, குழம்பு அடிப்பிடித்ததையும் அவன் அப்பாவிடம் சிடுசிடுத்ததையும். அவன் சொன்னது, டிக்டேஷனில் ஆறு தப்பு. ஒளிக்காமல் சொன்னான்.

வாரத்துக்கு ஒருமுறை என்ற இந்தப் பழக்கத்தை நான் சூசன்னா வெஸ்லியிடமிருந்து எடுத்துக்கொண்டேன். ஜான் வெஸ்லி, சார்லஸ் வெஸ்லி ஆகியோரின் தாய். இங்கிலாந்தில் எப்வொர்த் என்ற ஊரில் வாழ்ந்தவர். பத்தொன்பது பிள்ளைகளைப் பெற்று, ஒன்பது பேரைக் கைக்குழந்தையிலேயே பறிகொடுத்தவர். வறுமை, கடன், வீடு எரிந்த துயரம் எல்லாவற்றுக்கும் நடுவில், ஒவ்வொரு பிள்ளையோடும் தனியாகப் பேச வாரத்தில் ஒரு மாலையைக் குறித்துவைத்திருந்தார். ஜானுக்கு வியாழன், சார்லஸுக்குச் சனி. 1712-இல் கணவருக்கு எழுதிய கடிதத்தில் அந்த அட்டவணையே இருக்கிறது. ஜான் வளர்ந்து ஆக்ஸ்போர்டில் ஆசிரியராக இருக்கும்போதும் அந்த வியாழன் மாலையை நினைத்து ஏங்கியிருக்கிறார். ஒருவர் ஒழுங்கும் கணக்கும், இன்னொருவர் பாட்டும் உருக்கமும். இருவரையும் தனித்தனியே கேட்டிருக்கிறார் அந்த அம்மா.

எனக்குப் பத்துப் பேர் இல்லை, மூன்றே பேர். செவ்வாய் நடுவுள்ளவளுக்கு, வியாழன் பெரியவனுக்கு, சனி சின்னவனுக்கு. அரைமணி நேரம். போனை அலமாரியில் வைத்துவிடுவேன். வேலைக்குப் போகிற தாய்மாருக்கு அரைமணி கிடைப்பதே கஷ்டம் என்று தெரியும். பத்து நிமிஷமானாலும் சரி, அந்தப் பிள்ளைக்கு மட்டும் என்று இருக்கட்டும். இந்த நான்கு வருஷத்தில் நான் செய்தவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

அத்தைக்கு இதெல்லாம் முதலில் பிடிக்கவில்லை. "மூணும் ஒரே வயித்துல பொறந்ததுதானே, ஆளுக்கொரு சட்டமா?" என்றார்கள். பிள்ளைகளும் கேட்டார்கள், அவனுக்கு மட்டும் ஏன் என்று. நியாயமான கேள்வி. யாக்கோபு யோசேப்புக்கு மட்டும் பலவருண அங்கி தைத்துக் கொடுத்து, அண்ணன்மாருக்கு அவன்மேல் எவ்வளவு பகை மூண்டது என்று நமக்குத் தெரியும். அதனால் எங்கள் வீட்டில் சட்டம் ஒன்றுதான்: பொய் கூடாது, கை நீட்டக் கூடாது, ராத்திரி ஜெபத்துக்கு எல்லாரும் வர வேண்டும். கிறிஸ்துமஸ் துணிக்கு மூன்று பேருக்கும் ஒரே தொகை. களம் ஒன்று, கம்புதான் வேறு என்று அத்தையிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "உன் வீட்டுக்காரன் பத்து வயசு வரைக்கும் என் சேலைக்குப் பின்னாலதான் நின்னான்" என்றார்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எந்த அமைதியைப் பார்த்து என் கணவரை எனக்குப் பிடித்ததோ, அதையேதான் என் மகனிடம் குறை என்று திட்டியிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் சுபாவம் என்று விட்டுவிடாதீர்கள். வீட்டில் கலகலவென்று பேசுகிற பிள்ளை வெளியே மாதக்கணக்கில் வாயே திறக்காவிட்டால், சாப்பாடும் தூக்கமும் கெட்டுப்போனால், தன்னையே காயப்படுத்திக்கொண்டால், மருத்துவரிடம் காட்டுங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது. ஜெபித்துக்கொண்டே போங்கள்.

பெரியவன் இன்னும் மேடையேறவில்லை. இந்த வருஷம் குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின ராத்திரி, ஓலை மடித்துச் சிலுவை செய்ய ஆள் வேண்டும் என்றார்கள். ஆலயத்துத் திண்ணையில் உட்கார்ந்து சின்னப் பிள்ளைகளுக்கெல்லாம் செய்து முடித்தான். கடைசியாக, மல்லிச் செடி உயரத்துக்கு ஒரு வாண்டு வந்து, எனக்கும் சொல்லிக்கொடு என்று மடியில் ஏறியது. நான் எட்டிப் பார்த்தபோது அவன் அதன் விரலைப் பிடித்து மடித்துக் காட்டிக்கொண்டிருந்தான், பேசிக்கொண்டும் இருந்தான்.

அன்றைக்குக் கரண்ட் போய்விட்டது. வீட்டுக்கு வந்து, இருட்டில், கேட்காமலே எனக்கு 121-ஆம் சங்கீதத்தை முழுக்கச் சொன்னான்.

நடுவுள்ளவள் போன புதன்கிழமைகூடக் கதவை அறைந்தாள். இன்றைக்குச் செவ்வாய், அவள் முறை. மணி நாலாகப் போகிறது. தோசைக்கல்லைப் போட வேண்டும்.